குடை பிடித்த கை

முடிச்சூர்,
செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

கர்த்தருக்குள் மிகுந்த பிரியமும் மரியாதையும் உள்ள மச்சான் தங்கசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் ஏசுதாசன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் ஈவ்லினும் புதிதாகப் போட்ட போர்வெல் மோட்டாரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஆவல். ரத்தினபாயின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே என்பதால் அவளை மேற்படி பட்டியலில் சேர்க்கவில்லை. வலது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறபடியால் கையெழுத்து வேறு மாதிரி இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், தலைமையாசிரியராக இருந்தவர் சிரித்தால் எனக்கு மேற்கொண்டு பேச வராது.

விஷயம் இதுதான். வருகிற பதினான்காம் தேதி உங்கள் தங்கை தாம்பரத்தில் ரயில் ஏறி உங்கள் வீட்டுக்கு வருகிறாள். டிக்கெட் எடுத்தாயிற்று. பெட்டியும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. எப்போது திரும்புவாய் என்று கேட்டதற்கு "பாக்கலாம்" என்றாள். நாற்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள்தான் புத்தி சொல்லி அவளைத் தடுத்து நிறுத்த வேண்டும். இவ்வளவுக்கும் காரணம் ஒரு துரைசானியின் குடை என்று நேரடியாகச் சொன்னால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்பீர்கள். ஆகையால் ஆதியிலிருந்து வருகிறேன்.

ஈவ்லின் கல்லூரியில் சினிமாவையும் படங்களையும் பற்றிப் பாடம் எடுக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். சினிமா பார்க்க ஒரு படிப்பா என்று அவள் சேர்ந்தபோது நீங்களும் கேட்டீர்கள், நானும் கேட்டேன், இரண்டு பேருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. இந்த மாதம் ஒரு பழைய படத்துண்டைக் கொண்டுவந்து ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரில் போட்டாள். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரையின் தம்பி, அண்ணனுடைய பங்களாத் தோட்டத்தில் பிடித்தது. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி, சத்தம் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு அட்டையில் 'எங்கள் வீடும் எங்கள் ஆட்களும்' என்று இங்கிலீஷில் கையால் எழுதியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிற வினாத்தாளை முதலில் நான் எழுதிப் பார்க்க வேண்டும் என்றாள். பாடம் தெரியாத ஒரு ஆள் என்ன எழுதுவான் என்று பார்க்க வேண்டுமாம். அந்தத் தகுதி எனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கேள்விகள் ரொம்ப எளிது, அதுதான் ஆபத்து. கேமரா எங்கே நின்றது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் தரையில் இருக்கிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள், படத்தின் ஓரம் யாருடைய உடம்பை வெட்டுகிறது, எத்தனை பேர். நான் முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் வருகைப் பதிவேடு பார்த்தவன். ஆள் எண்ணுவது எனக்குப் பல் துலக்குகிற மாதிரி. துரை படியின் மேல், கேமரா கீழே இருந்து அவரை அண்ணாந்து பார்க்கிறது. துரைசானி நாற்காலியில். இரண்டு குழந்தைகள். தட்டு ஏந்திய பட்லர். தரையில் குந்தியிருக்கிற இரண்டு பியூன்கள், அவர்களைக் கேமரா மேலே இருந்து பார்க்கிறது. ஆகத் தலைகள் ஏழு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஈவ்லின் சிவப்பு மையில் ஒன்பது என்று திருத்தினாள்.

"தோட்டக்காரன எண்ணலியேப்பா. அப்புறம் அந்தக் குடை பிடிச்ச கை."

தோட்டக்காரனுக்குக் கழுத்துக்கு மேல் படம் இல்லை. துரைசானியின் தலைக்கு மேல் ஒரு குடை இருக்கிறது, அதைப் பிடித்திருக்கிற கை மணிக்கட்டு வரைதான் தெரிகிறது, ஒரு வளையல், அதற்கு மேல் படமே முடிந்துவிடுகிறது. தலை இல்லாதவனுக்கு எப்படி வருகை போடுவது, எங்கள் ஆபீசில் தலை இருந்தால் ஆள், இல்லையென்றால் ஆப்சென்ட் என்றேன். துரைமார் இல்லாவிட்டால் தாம்பரத்துக்கு ரயிலே வந்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். "தண்டவாளம் போட்டது யார் கைப்பா? அந்தக் கைக்கும் தலை இல்லைன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். பெற்ற பிள்ளைக்குப் படிப்புக் கொடுத்தால் இதுதான் பலன்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டபின், எண்ணிக்கையை நிரூபித்துவிடலாம் என்று நானே படத்தை ஓட்டினேன். மச்சான், அந்தக் கை முழங்கை வரை தெரிந்தது. முந்தின நாள் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அதற்கு மறுநாள் தோள் தெரிந்தது, தோளில் ஒரு சேலை முந்தானை. துரை அதே படியில், பட்லர் அதே தட்டோடு, யாரும் இம்மி நகரவில்லை. இவள் மட்டும் நாளுக்கு ஒரு விரற்கடை உள்ளே வந்துகொண்டிருந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது, குழம்பு கொதிக்கிற வாசனை வருகிறது, இப்படிப்பட்ட பட்டப்பகலில் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஈவ்லினிடம் கேட்டால், "நல்லா பாக்க ஆரம்பிச்சிட்டீங்கப்பா" என்கிறாள். உங்கள் தங்கையிடம் கேட்டேன். "அப்படியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை ஆயப் போய்விட்டாள்.

பார்க்கிற வியாதி ஒருமுறை தொற்றினால் கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. நீங்கள் வந்து ஜெபம் செய்த எங்கள் வீட்டுப் பிரதிஷ்டை வீடியோ ஞாபகம் இருக்கிறதா, அதைப் போட்டு வினாத்தாளின்படி எழுதினேன். ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் நான் நாற்பத்தொரு தடவை வருகிறேன், நீங்கள் பதினாறு, பாஸ்டர் பன்னிரண்டு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஐந்து. ரத்தினபாய் முகமாக ஒரு தடவைகூட இல்லை. மூன்று இடத்தில் ஒரு கை மட்டும் படத்தின் ஓரத்திலிருந்து வந்து காபி கொடுத்துவிட்டுப் போகிறது. எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் நாக்கு வறண்டது, உடனே மேசையில் பார்த்தால் ஒரு டம்ளர் காபி இருந்தது. நான் கேட்கவில்லை. ஹாலில் யாரும் இல்லை. யோசித்துப் பார்த்தால் காலை மாத்திரை, இஸ்திரி போட்ட சட்டை, துவைத்த கைக்குட்டை எல்லாம் இந்த வீட்டில் இப்படித்தான் தோன்றுகின்றன. எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே சபையிலிருந்து அறிவிப்பு வந்தது. பொன்விழா மலரில் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆன தம்பதிகளின் படம் போடுகிறார்களாம். எங்கள் கல்யாணப் படம் ஹால் சுவரில்தான் தொங்குகிறது, நான் நாற்காலியில், அவள் பின்னால் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருப்பாள். அதைக் கழற்ற பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறினேன். படத்தைப் பக்கத்தில் வைத்து முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். 2015 வெள்ளத்தில் அது சட்டத்தோடு மிதந்து சேற்றில் தலைகீழாகக் கிடந்ததல்லவா, மேல்பாதி முழுக்கக் கறை. நான் நன்றாக இருந்ததால் படம் தப்பித்துவிட்டது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவளுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை, மங்கலான ஒரு பழுப்பு. நாற்காலியின் மேல் கை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

ஸ்டூல் நழுவிவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. ஆனால் மச்சான், நான் சொல்ல வந்தது அது இல்லை. இரும்பு பீரோவின் முனையில் என் மண்டை மோத இருந்த அந்த நொடியில் ஒரு கை என் பின்னந்தலையைத் தாங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஈரமாக, ஜில்லென்று இருந்தது, செத்தவர்களின் கை மாதிரி. வளையல் என் காதில் உரசியது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆபத்துக்குச் சொல்கிற தொண்ணூற்றோராம் சங்கீதத்தை இரண்டு முறை சொன்னேன்.

படத்தை எடுத்துக்கொண்டு முடிச்சூர் மெயின் ரோட்டில் அன்பு வைத்திருக்கிற ஸ்டுடியோவுக்கு நானும் ரத்தினபாயும் போனோம். அன்பு பழைய படத்தைப் புதிதாக்குவதில் கெட்டிக்காரன். வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னா சார் இது, அம்மா மூஞ்சியே இல்லியே. கை மட்டும்தான் கீது. வேற போட்டோ எதுனா இருந்தா குடு சார், அதுலேர்ந்து மூஞ்சிய எடுத்து வெச்சிடலாம்."

வேறு படம் எது. ஆல்பங்கள் வெள்ளத்தோடு போயின. மீதி இருப்பவற்றையெல்லாம் எடுத்தது நான் அல்லது எனக்காக யாரோ, அவற்றில் அவள் பாதித் தோளும் பின்கொண்டையுமாக இருக்கிறாள். ஆதார் அட்டையைக் கொடுத்தேன். அன்பு அதைப் பார்த்துவிட்டு, "சார், இது யார் மூஞ்சின்னு போலீசே சொல்ல முடியாது" என்றான். சரி, புதிதாகவே எடுத்துவிடலாம், அதே நாற்காலி, அதே நிற்பு என்று நான் முடிவு செய்தேன். அன்பு திரையை இழுத்துவிட்டு நாற்காலியைப் போட்டான். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டு திரும்புவதற்குள் ரத்தினபாய் போய் அதில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் காத்திருந்தேன். அன்புவும் காத்திருந்தான். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாற்காலிதானா தம்பி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதாம்மா கீது."

"அப்ப சார் நிக்கட்டும். கட்டும் என் பின்னால மறைஞ்சிடும்."

அன்பு அதை நல்ல யோசனை என்றான். என்னைப் பின்னால் நிறுத்தி, "இடது கைய நாற்காலி மேல வெய் சார், அம்மாவ பாரு, கேமராவ பாக்காத" என்றான். நின்றேன். அங்கிருந்து அவள் வகிடு தெரிந்தது, வெள்ளையாக, நேராக. இத்தனை வருஷத்தில் அந்த வகிட்டை நான் மேலே இருந்து பார்த்ததில்லை. விளக்கெல்லாம் அவள்மேல் இருந்தது. கேமரா அவளைப் பார்த்தது, அன்பு அவளைப் பார்த்தான், நானும் அவளைப் பார்த்தேன், என்னை யாரும் பார்க்கவில்லை. நான் அந்த அறையில் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்து இருமிப் பார்த்தேன். அன்பு சோதனைக்கு ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினான். நடுவில் ரத்தினபாய், நாற்காலி முதுகில் ஒரு கை, கைக்கு மேல் படம் முடிந்திருந்தது. "அட்ஜஸ்ட் பண்ணிக்லாம் சார்" என்றான். எனக்குப் பயமாக இருந்தது மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சின்னப் பிள்ளை கூட்டத்தில் தொலைகிற மாதிரிப் பயம். இந்த அலங்கோலத்தை மலரில் போட முடியாது, நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவள் அன்புவிடம் நன்றி சொல்லிவிட்டு மெதுவாக வந்தாள். ஆட்டோவில் வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்தாள்.

இனி நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காலை பத்து மணிக்குத் துரைசானி படத்தை ஓட்டினேன். குடைக்காரி முழுதாக உள்ளே நின்றாள், தலையிலிருந்து கால் வரை. எட்டாவது தலை என்று என்னையறியாமல் எண்ணினேன். கடைசிப் பத்து விநாடியில் அவள் குடையை மடக்கினாள். அவசரமே இல்லை, மழை விட்ட பிறகு மடக்குகிற மாதிரி. துரைசானியின் முகத்தில் வெயில் விழுந்தது, கண்ணைச் சுருக்கினாள். படியின் மேலிருந்த துரை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். குடைக்காரி ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு, வந்த ஓரத்தின் வழியாகவே வெளியே போய்விட்டாள். முகம் யாருடைய சாயல் என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் தெரிந்தது, ஆனால் கண்ணை மூடினால் நினைவுக்கு வரவில்லை. உடனே ரத்தினபாயின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. அடுக்களைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படத்தை மறுபடி ஓட்ட எனக்குத் துணிவில்லை.

ஆகவே மச்சான், இந்த வீட்டில் ஏதோ புகுந்திருக்கிறது. அது ஒரு குடும்பப் பெண்ணின் மனதைக் கலைத்து ரயிலேற்றப் பார்க்கிறது. இதை எழுதுகிற இந்த நிமிஷம்கூட அறையில் பேனா கீறுகிற சத்தமும், மிக அருகில் யாரோ மூச்சு விடுகிற சத்தமும் கேட்கிறது. நான் கண்ணைத் திறந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள் மூத்தவர், உங்கள் வார்த்தையை அவள் தட்ட மாட்டாள். புருஷன் உட்காருவதும் மனைவி நிற்பதும் ஒரு ஒழுங்கு, அதில் அவமானம் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடைசி வரியை அவளிடம் சொல்ல வேண்டாம்.

அக்காவுக்கு என் தோத்திரம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடமும் உங்கள் எல்லாருக்கும் தேவனுடைய சமாதானமும் தவறாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சா. ஏசுதாசன்
(தலைமை எழுத்தர், ஓய்வு)

பி.கு.: அண்ணா, நான் ரத்தினம். கடிதத்தின் முடிவில் இருக்கிற கோணல் கையெழுத்து மட்டும்தான் உங்க மாப்பிள்ளையின் இடது கை. அதற்கு மேலே உள்ள அத்தனையும் என் கை. எட்டாம் வகுப்பில் நீங்கள் பிரம்பு வைத்துத் திருத்தின எழுத்து, பார்த்ததும் கண்டுபிடித்திருப்பீர்கள். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். தெரியும், அவ்வளவுதான். என்னைப் பற்றிய புகாரை என்னிடமே சொல்லி, 'ஒழுங்கு' என்ற இடத்தில் அடிக்கோடு போடச் சொன்னார். போடவில்லை.

இந்த வீட்டில் பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. பாடத்துக்காக ஈவ்லின் அந்தப் படத்தின் ஓரத்தை வெட்டி வைத்திருந்தாள், ஓரத்துக்கு வெளியே அந்தப் பெண் முழுசாக நின்றுகொண்டுதான் இருந்தாள். எப்படித் திறப்பது என்று என் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மத்தியானம் அவர் தூங்கும்போது நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து வைத்தேன், இவர் என்றைக்காவது 'இது யாரு?' என்று கேட்பாரா என்று பார்க்கத்தான். காபி நான் வைத்தது. அவர் விழுந்தபோது தலையைத் தாங்கினதும் நான்தான், அரிசி களைந்த ஈரக்கை. செத்தவர்களின் கை என்று சொன்னபோது எனக்குப் பேனா நின்றுபோயிற்று. அவர் கண்ணைத் திறக்காமலே 'எழுது' என்றார், எழுதினேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இப்போது இதைச் சொல்லி எழுத வைத்தபோதுதான் குடை மடங்கின விஷயம் எனக்கே தெரியும். ஈவ்லினைக் கூப்பிட்டு இரண்டு பேரும் அந்தப் படத்தை ஏழெட்டுத் தரம் ஓட்டிப் பார்த்தோம். குடை கடைசி வரை விரிந்துதான் இருக்கிறது. அவள் கடைசி வரை அங்கேயேதான் நிற்கிறாள், துரை திரும்பவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத ஒன்றை இவர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார். பதினான்காம் தேதி நானே கொண்டுவருகிறேன், நீங்கள் படிக்கும்போது எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். அவர் கடைசி வரியை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆகையால் நீங்கள் சொல்ல வேண்டாம். திரும்பி வருகிற டிக்கெட்டும் எடுத்திருக்கிறேன் அண்ணா. அதை அவரிடம் சொல்லவில்லை. அதுவரை அவர் முகத்திலும் வெயில் படட்டும்.